தன்னார்வப் பயணமாகத் திருகோணமலைக்கு வருதல்: ஊருக்கு எது உதவி, எது சுமை?

கொட்டியாரக்கரை (டொரண்டோ)

அனைவருக்கும் வணக்கம். நான் திருகோணமலையில் பிறந்து, பள்ளிப் படிப்பின் இடையில் பெற்றோருடன் கனடாவுக்குக் குடிபெயர்ந்தவன். வரும் ஆகஸ்டில் நான்கு குடும்பங்களாக, பதினைந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுடன் மூன்று வாரம் ஊரில் தங்க எண்ணியிருக்கிறோம். கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர்க் கிணறுகள், நிலாவெளிக் கடற்கரை என்று பார்த்துவிட்டுப் படங்களுடன் திரும்பும் பயணமாக அது முடிந்துவிடக் கூடாது, பிள்ளைகள் தங்கள் வேர் இருக்கும் மண்ணுக்கு ஏதேனும் செய்துவிட்டு வர வேண்டும் என்பது எங்கள் எல்லோருடைய விருப்பம்.

இணையத்தில் தேடியபோது வெளிநாட்டு முகவர் நிறுவனம் ஒன்று முன்வந்தது. இரண்டு வாரம் ஒரு சிறுவர் இல்லத்தில் ஆங்கிலம் கற்பிப்பது, மூன்றாவது வாரம் திமிங்கிலம் பார்ப்பது, பவளப்பாறையில் நீந்துவது என்பது அவர்களின் திட்டம். ஒவ்வொருவருக்கும் டொலரில் கணிசமான கட்டணம் கேட்கிறார்கள். ஒன்ராறியோவில் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் பெறுவதற்கு 40 மணி நேரச் சமூகப் பணி கட்டாயம் என்பதால், அதற்குரிய கடிதமும் தருவதாகச் சொல்கிறார்கள். கேட்பதற்கு எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்தப் பணத்தில் எவ்வளவு ஊருக்கு வந்து சேரும், எங்கள் பிள்ளைகளின் பத்து நாள் ஆங்கில வகுப்பால் அங்குள்ள பிள்ளைகளுக்கு உண்மையில் என்ன கிடைக்கும் என்ற இரண்டு கேள்விகளும் மனதை அரித்துக்கொண்டே இருக்கின்றன. ஊரில் இருப்பவர்கள் ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும்.

உப்புவெளி விடுதி

வணக்கம் தம்பி. நான் உப்புவெளியில் சிறிய விடுதி ஒன்றை நடத்துகிறேன். ஆகவே என் பேச்சில் தொழில் சார்ந்த பார்வையும் இருக்கும்.

முதலில் எங்கள் பருவத்தைப் புரிந்துகொள்ளுங்கள். தென்மேல் பருவக்காற்று வீசும் காலத்தில், ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரை, கிழக்குக் கடல் அடங்கியிருக்கும். அந்த ஐந்து மாத வருமானத்தில்தான் பன்னிரண்டு மாதமும் சீவிக்க வேண்டும். வடகீழ்ப் பருவமழை தொடங்கிவிட்டால் அறைகள் பூட்டப்படும், படகுகள் கரையேறும். 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்தது. 2009 வரை போர். அதன்பின் மெல்ல நிமிர்ந்தபோது 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல், 2020 இல் கொரோனா, 2022 இல் எரிபொருளும் எரிவாயுவும் இல்லாத மாதங்கள். இத்தனைக்குப் பிறகும் இங்கே கடை திறந்து வைத்திருப்பவர்களுக்கு, பேரம் பேசிக் குறைக்காமல், நேரடியாக, நேரத்துக்குப் பணம் கொடுக்கும் விருந்தினரே பெரும் உதவி செய்தவர் ஆவார். இதைத் தொண்டு என்று யாரும் சொல்வதில்லை என்பதால் பயணிகள் இதைப் பொருட்படுத்துவதும் இல்லை.

நீங்கள் குறிப்பிடுவது போன்ற திட்டங்களில் பணத்தின் பெரும்பகுதி விளம்பரத்துக்கும் முகவர் கட்டணத்துக்குமாக அங்கேயே நின்றுவிடுகிறது. வாகனம் கொழும்பிலிருந்து வரும், வழிகாட்டியும் கொழும்பிலிருந்து வருவார், சில வேளைகளில் தண்ணீர்ப் போத்தல்கூட அங்கிருந்தே ஏற்றப்பட்டு வரும். அதே பணத்தை இங்கே செலவிட்டால் தம்பலகாமத்து அரிசிக்கும், கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து எருமைத் தயிருக்கும், காலையில் கரைக்கு வரும் மீனுக்கும், ஊர் ஓட்டோக்காரருக்கும் போய்ச் சேரும்.

ஒரு சிறிய விடயத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். என் விடுதிக்குக் காலை இடியப்பமும் சம்பலும் தருபவர் பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒருவர். விடியுமுன் எழுந்து, மா குழைத்து, ஓலைத்தட்டுகளில் பிழிந்து, அவித்து, ஆறரை மணிக்கு வாழையிலை விரித்த கூடையுடன் மகனைச் சைக்கிளில் அனுப்பிவிடுவார். இருபது பேருக்கு என்று முதல் நாள் சொல்லிவிட்டுக் காலையில் பன்னிரண்டு பேர் “நேரமில்லை, வழியில் பார்த்துக்கொள்கிறோம்” என்று வாகனமேறினால், அந்தப் பன்னிரண்டு பேரின் இடியப்பத்துக்கு அவர் எங்கே போவார்? இப்போது நான் விருந்தினரிடம் உணவுக்கு முதல் நாள் மாலையே பணம் வாங்கி விடுகிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள். ஊருக்கு உதவ வந்ததாகச் சொல்பவர்களே சுளிப்பதுதான் வருத்தமாக இருக்கிறது.

முகவரிடம் இதைக் கேளுங்கள்: நாங்கள் தரும் கட்டணத்தில் திருகோணமலை மாவட்டத்துக்குள் யார் யாருக்கு எவ்வளவு போகிறது என்பதை எழுத்தில் தருவீர்களா? தர மறுத்தால் முடிவெடுப்பது எளிது.

சிறுவர் நலப் பணி

சிறுவர் இல்லத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் என் பணி அது தொடர்பானது. அந்தப் பகுதியைத் தயவுசெய்து திட்டத்திலிருந்து முழுமையாக நீக்கிவிடுங்கள்.

உலகம் முழுவதிலும் இல்லங்களில் வளரும் பிள்ளைகளுள் மிகப் பெரும்பாலானோருக்குத் தாய் தந்தையருள் ஒருவராவது உயிருடன் இருக்கிறார். வறுமை, தாய் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போயிருத்தல், குடும்பப் பிரிவு, பாடசாலை தொலைவில் இருத்தல் என்பவையே அவர்களை இல்லத்துக்குக் கொண்டுவருகின்றன. எங்கள் மாவட்டத்தில் இந்தக் காரணங்கள் எவையும் அந்நியமானவை அல்ல. வெளிநாட்டுப் பயணிகள் இல்லத்துக்குப் பணத்துடன் வந்துகொண்டே இருந்தால், பிள்ளையை அதன் வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதில் இல்லத்துக்கு அக்கறை குறையும். சில நாடுகளில் இது பிள்ளைகளைத் தேடிப் பிடித்து இல்லங்களை நிரப்பும் அளவுக்கு முற்றியது. அவுஸ்திரேலியா 2018 ஆம் ஆண்டின் நவீன அடிமைத்தனச் சட்டத்தை இயற்றியபோது, இப்படி இல்லங்களுக்காகப் பிள்ளைகளைக் கடத்துவதை நவீன அடிமைத்தனத்தின் ஒரு வடிவமாக ஏற்றுக்கொண்டது. 2019 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை நிறைவேற்றிய சிறுவர் உரிமைத் தீர்மானமும் இல்லங்களில் நடக்கும் தன்னார்வத் திட்டங்களால் விளையும் தீங்கைத் தடுக்குமாறு அரசுகளைக் கேட்டுக்கொண்டது.

சட்டத்தை விடுங்கள், பிள்ளையின் பக்கத்திலிருந்து பாருங்கள். ஏற்கெனவே ஒருமுறை கைவிடப்பட்ட உணர்வுடன் இருக்கும் ஏழு வயதுப் பிள்ளையிடம் இரண்டு வாரம் ஓர் அக்கா ஒட்டிப் பழகுகிறார், தலை வாரிவிடுகிறார், படம் எடுத்துக்கொள்கிறார், பிறகு விமானம் ஏறிவிடுகிறார். அடுத்த மாதம் இன்னோர் அக்கா வருகிறார். அறிமுகமில்லாதவர் மடியில் உடனே போய் ஏறிக்கொள்ளும் பிள்ளையைப் பார்த்து “எவ்வளவு பாசமான பிள்ளை” என்று விருந்தினர் நெகிழ்வார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அது கவலை தரும் அறிகுறி.

இலங்கையில் சிறுவர் இல்லங்கள் மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்தின் மேற்பார்வையில் இயங்குகின்றன. பொலிஸ் நற்சான்றிதழ்கூடக் கேட்காமல், கட்டணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு பிள்ளைகளிடம் உங்களை அழைத்துச் செல்லும் முகவர், உங்களைப் போலவே யாரை வேண்டுமானாலும் அழைத்துச் செல்வார் என்பதை நினைத்துப் பாருங்கள். பயணத்தின்போது எந்தப் பிள்ளைக்காவது தீங்கு நடப்பதாகச் சந்தேகம் எழுந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். தமிழிலும் பேசலாம்.

இன்னொன்று. சுற்றுலா விசாவில் வருபவர் ஊதியத்துடனோ ஊதியமின்றியோ எந்த வேலையிலும் ஈடுபடக் கூடாது என்பது அதன் நிபந்தனை. உங்கள் குழுவில் இரட்டைக் குடியுரிமை இல்லாதவர்கள் இருந்தால் இதையும் கவனிக்க வேண்டும்.

மாலைமதி

மேலே எழுதியவரின் அக்கறையை மதிக்கிறேன், ஆனால் முழுதாக உடன்பட முடியவில்லை. போர் முடிந்த ஆண்டுகளில் கிழக்கில் ஓர் இல்லத்தின் நிருவாகக் குழுவில் இருந்திருக்கிறேன். அரசின் மானியம் ஒரு பிள்ளையின் சாப்பாட்டுக்கே போதாத நிலையில், குளியலறை கட்டியதும், உயர்தர (பல்கலைக்கழக நுழைவுக்கான பரீட்சை) வகுப்புப் பிள்ளைகளுக்குப் பிரத்தியேக வகுப்புக் கட்டணம் செலுத்தியதும், வெளிநாட்டிலிருந்து வந்து பிள்ளைகளைக் கண்ணால் கண்டு மனம் இளகிய எங்கள் சனங்களே. பார்க்காத பிள்ளைக்கு யார் பணம் அனுப்புவார்? வீட்டுக்கு அனுப்புங்கள் என்று சொல்வது எளிது. குடிகாரத் தகப்பனிடம், கதவில்லாத வீட்டுக்கு ஒரு பெண்பிள்ளையை அனுப்பக் கையெழுத்திடுபவருக்குத்தான் அதன் பாரம் தெரியும். வருகையை அடியோடு நிறுத்தினால் அந்த வெற்றிடத்தை நிரப்பப் போவது யார் என்பதையும் சொல்லுங்கள்.

சிறுவர் நலப் பணி

மாலைமதி அவர்களே, நீங்கள் சொல்லும் பிள்ளை வீட்டுக்குப் போகக் கூடாது என்பதில் எனக்கும் ஐயம் இல்லை. இல்லங்களை மூடுமாறு நான் கேட்கவில்லை. பிள்ளைகளைப் பயண நிகழ்ச்சிநிரலில் சேர்க்காதீர்கள் என்றே கேட்கிறேன். பணம் தர விரும்புபவர் நிருவாகக் குழுவைச் சந்திக்கலாம், கணக்கைப் பார்க்கலாம், கட்டடத்தைப் பிள்ளைகள் பாடசாலைக்குப் போயிருக்கும் நேரத்தில் பார்வையிடலாம். 2004 இன் பின்னர் பெற்றோரை இழந்த பிள்ளைகளுள் மிகப் பலர் அம்மம்மா, சித்தி, மாமா வீடுகளில்தான் வளர்ந்தார்கள். 2005 ஆம் ஆண்டின் சுனாமி விசேட ஏற்பாடுகள் சட்டமும் வளர்ப்புப் பராமரிப்புக்கு வழி செய்தது. இன்றும் அப்படிப் பேரப்பிள்ளையை வளர்க்கும் ஒரு முதியவளுக்குத் தையல் இயந்திரமோ பசுமாடோ வாங்கிக் கொடுத்தால், ஒரு பிள்ளை இல்லத்துக்கு வராமலே இருந்துவிடும். ஆனால் அவள் வீட்டு வாசலில் நின்று படம் எடுக்க முடியாது என்பதால் அந்த உதவி வருவதில்லை. பார்க்காமல் யார் கொடுப்பார் என்ற உங்கள் கேள்விக்கு என்னிடம் முழுமையான விடை இல்லை என்பதையும் ஏற்றுக்கொள்கிறேன்.

மூதூர் ஆசிரியை (ஓய்வு)

இந்த உரையாடலைத் தொடக்கம் முதல் வாசித்தேன். பாடசாலையைப் பற்றியும், கேட்காமல் செய்யப்படும் உதவியைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் பாடசாலைக்கு வெளிநாட்டுத் தொண்டர்கள் குழுக் குழுவாக வந்த காலம் உண்டு. ஒவ்வொரு குழுவும் நிறங்களின் ஆங்கிலப் பெயரிலிருந்து தொடங்கும், விலங்குகளுக்கு வரும், உடலுறுப்புகளுடன் முடிந்து விடைபெறும். அடுத்த குழு மீண்டும் நிறங்களிலிருந்து தொடங்கும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மரியாதைக்காக அறியாதவர்கள் போல உட்கார்ந்திருப்பார்கள். அந்த மணித்தியாலங்களில் நடக்க வேண்டிய கணிதமும் விஞ்ஞானமும் நடக்காமல் போகும், அவற்றை நான் மாலையில் நிறுத்தி வைத்து நடத்துவேன். வந்தவர்கள் எவரும் கெட்ட எண்ணத்துடன் வரவில்லை. எந்த வகுப்பு எந்தப் பாடத்தில் எங்கே நிற்கிறது என்று வருமுன் ஒரு கடிதம் எழுதிக் கேட்டிருந்தால் நாங்கள் மகிழ்ச்சியுடன் பதில் எழுதியிருப்போம்.

எங்கள் தேவை வேறு. மூதூர், வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கம் உயர்தரக் கணித, விஞ்ஞானப் பிரிவுகளுக்கு ஆசிரியர் கிடைப்பது அரிது, கிடைத்தவரும் இடமாற்றம் பெற்று நகருக்குப் போய்விடுவார். கொட்டியாரக்கரைத் தம்பியின் குழுவில் பொறியியலாளரோ கணக்காளரோ இருந்தால், அவர் ஆகஸ்டில் மூன்று நாள் வந்து பிள்ளைகளுடன் பழகிவிட்டு, ஊர் திரும்பிய பின் ஆண்டு முழுவதும் வாரம் ஒரு மாலை இணையவழி வகுப்பு எடுக்கட்டும். நேரில் பழகிய முகம் என்பதால் பிள்ளைகள் திரையின் முன்னும் கேள்வி கேட்பார்கள். பயணம் என்பது அந்த ஓராண்டுக்கான அறிமுகமாக இருக்கட்டும்.

கேட்காமல் செய்யும் உதவி தீங்காக முடிந்ததற்குக் கிணறுகளே சாட்சி. ஆழிப்பேரலையின் பின்னர் கிழக்குக் கரையோரம் முழுவதும் கிணறுகளில் உப்புநீர் நிறைந்திருந்தது. உதவ வந்த குழுக்கள் இயந்திரங்களுடன் இறங்கி, இறைத்தார்கள், மறுபடி இறைத்தார்கள். எங்கள் மணற்பாங்கான நிலத்தில் மழைநீர் உப்புநீரின் மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்கிறது. மேலே உள்ளதை அளவுக்கு மீறி உறிஞ்சினால் கீழே உள்ள உப்பு மேலேறி வரும். அதுதான் நடந்தது. நீர் முகாமைத்துவ ஆய்வாளர்கள் மட்டக்களப்புக் கரையில் அளந்து பார்த்து, திரும்பத் திரும்ப இறைப்பதால் பயன் குறைவு, தீங்கே நேரலாம், மழையே உப்பைக் கழுவ வேண்டும் என்று எச்சரித்தார்கள். இரண்டு மாரி பொறுத்திருக்க வேண்டும் என்று எங்கள் கிழவர்கள் சொன்னதற்கு அப்போது யாரும் காது கொடுக்கவில்லை. நிவாரணமாக வந்த மீன்பிடிப் படகும் அப்படித்தான், தொழில் தெரியாதவருக்கும் கிடைத்தது, இழந்தவர் சிலருக்குக் கிடைக்காமலும் போனது.

இன்னொரு வேண்டுகோள். மூதூருக்கு அருகிலுள்ள சம்பூர் மக்கள் 2006 இல் போரால் ஊரை விட்டு ஓடி, கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் தகரக் கொட்டில்களில் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் இருந்து, 2015, 2016 ஆண்டுகளில்தான் காணிகளுக்குத் திரும்பினார்கள். அங்கே போகும் பயணிகள் சிலர் முதல் அரை மணி நேரத்திலேயே “உங்கள் வீட்டில் யாரை இழந்தீர்கள்?” என்று கேட்கிறார்கள். அழுதால் கைபேசியை எடுக்கிறார்கள். அந்தப் பெண்கள் தங்கள் துயரத்தை வந்தவருக்கெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்லக் கடமைப்பட்டவர்கள் அல்லர். அவர்கள் வளர்க்கும் ஆடு, போடும் தோட்டம், இழைக்கும் பனையோலைப் பெட்டி ஆகியவற்றைப் பற்றிக் கேளுங்கள், பெட்டியைச் சொன்ன விலைக்கு வாங்குங்கள். மற்றதை அவர்களாக விரும்பிச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.

உப்புவெளி விடுதி

ஆசிரியை அவர்கள் சொன்ன மெல்லிய நன்னீர்ப் படையில்தான் உப்புவெளி, நிலாவெளி விடுதிகளும் நிற்கின்றன. ஆகஸ்டு வறட்சியில் அறைக்கு நாளுக்கு மூன்று குளியலும் தினமும் துவாய் மாற்றமும் என்றால், பின்வளவுக் குடும்பத்தின் கிணறுதான் முதலில் உவர்க்கும். விருந்தினர் கவனிக்க வேண்டிய விடயம் இது.

நிலாவெளிக் கரை

பவளப்பாறையில் நீந்துவது உங்கள் திட்டத்தில் இருப்பதால் எழுதுகிறேன். எங்கள் குடும்பம் கரைவலைத் தொழில் செய்தது. நான் இப்போது பருவகாலத்தில் புறாத்தீவுக்குப் படகு ஓட்டுகிறேன்.

புறாத்தீவு கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரம். 1963 இல் சரணாலயமாகவும் 2003 இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. வனசீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுச்சீட்டுப் பெற்றுத்தான் போக வேண்டும். 1998 இல் கடல் சூடேறித் தெற்குக் கரையின் பவளங்கள் வெளிறி மாண்டபோது எங்கள் பக்கம் பெரும்பாலும் தப்பியது. அப்படித் தப்பியதைத்தான் இப்போது கால்களால் மிதிக்கிறோம். வற்று நேரத்தில் தீவின் கரைப்பக்கம் இடுப்பளவு தண்ணீர்தான் இருக்கும். நீந்தத் தெரியாதவர் முகமூடிக்குள் தண்ணீர் புகுந்ததும் பதறிக் காலை ஊன்றுவார், ஊன்றும் இடம் மான்கொம்புப் பவளமாக இருக்கும். தண்ணீருக்குள் தலை வைத்திருந்தால் அது முறியும் ஓசை கேட்கும். உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவே வளரும். மான்கொம்பு விரைவாக வளரும் என்றாலும், ஒரு பருவத்தில் முறிவதை அடுத்த பருவத்துக்குள் ஈடுசெய்யும் விரைவு அதற்கு இல்லை.

ஆகவே வருமுன் உங்கள் ஊர் நீச்சல் தடாகத்தில் முகமூடியும் மூச்சுக்குழாயும் அணிந்து பழகிவிட்டு வாருங்கள். கைகால் ஊன்றாமல் மிதக்கப் பழகிய பத்துப் பேர் வந்தால், பழகாத இருவர் செய்யும் சேதம்கூட இராது. வெயில் கிறீமுக்குப் பதிலாக நீண்ட கைச் சட்டை அணியுங்கள். பவளத்துக்குக் கேடான ஒக்சிபென்சோன் என்ற இரசாயனம் கலந்த கிறீம்களைப் பலாவு நாடு 2020 இலும் ஹவாய் 2021 இலும் தடை செய்துவிட்டன. பவளத் துண்டையும் சங்கையும் எடுத்துச் செல்லக் கூடாது, மீனுக்குப் பாண் போடக் கூடாது. படகோட்டியிடம் “இன்னும் கிட்டப் போங்கள், மேலதிகமாகப் பணம் தருகிறோம்” என்று சொல்லாதீர்கள். திமிங்கிலம் பார்க்கப் போனாலும் அப்படியே. 2012 ஆம் ஆண்டின் விதிகள் படகு 100 மீற்றருக்குள் நெருங்குவதைத் தடுக்கின்றன. ஆனால் கடலில் விதியை மீறவைப்பது பெரும்பாலும் பயணியின் ஆசைதான், ஏனென்றால் நெருங்க மறுத்த படகுக்கு அடுத்த நாள் ஆள் வருவதில்லை. மறுத்த படகோட்டியை நீங்கள் பாராட்டி நாலு பேருக்குச் சொன்னால் அதுவே பெரிய தொண்டு.

கடலடியைத் துப்புரவு செய்கிறோம் என்று தாங்களாகவே இறங்குபவர்களும் உண்டு. பாறையில் சிக்கிய வலையை இழுத்தால் பவளமும் பெயர்ந்து வரும். பழகிய சுழியோடிகள், திணைக்களத்தின் அனுமதியுடன், வலையைத் துண்டு துண்டாக வெட்டி எடுக்க வேண்டும். பிள்ளைகள் கரையைத் துப்புரவு செய்யலாம், ஆனால் பொறுக்கிய பிளாஸ்டிக் எங்கே போகும் என்று பிரதேச சபையிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். பேசாமல் போனால் மூட்டைகள் அங்கேயே கிடந்து நாய் கிழித்து மறுபடி கடலுக்குப் போகும்.

கரைவலை இழுக்கும் காலமும் உங்கள் விடுமுறைக் காலமும் ஒன்றுதான். கயிற்றைப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்வதை யாரும் தடுக்கமாட்டார்கள். ஆனால் இழுப்பவர்களுக்குக் கூலி பிடிபட்ட மீனில் பங்குதான், மீன் சேரும் வலையின் மடி கரையேறும் கடைசி நேரத்தில் நடுவில் புகுந்து தடுமாறினால் மீன் தப்பிவிடும். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் கேட்டுவிட்டு, தொடக்கத்திலேயே கயிறு பிடித்து, இறுதிவரை நின்று இழுங்கள். அப்போது தேநீரும் உங்களுக்குக் கிடைக்கும்.

தஞ்சைப் பயணி

நான் தமிழ்நாட்டிலிருந்து, கோணேசர் கோயில் தரிசனத்துக்காக ஐந்தே நாள் வருகிறேன். இவ்வளவு குறுகிய காலத்தில் வருபவர் ஏதாவது செய்ய இயலுமா, அல்லது முயலாமலிருப்பதே நல்லதா?

உப்புவெளி விடுதி

வாருங்கள் ஐயா. ஐந்து நாளில் தொண்டு எதுவும் செய்ய முயல வேண்டாம், நல்ல விருந்தினராக இருங்கள். கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வரலாம். ஊர்க் குடும்பம் நடத்தும் விடுதியில், இயன்றால் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிவு செய்த வீட்டில் தங்குங்கள். கோட்டை வாசலிலிருந்து கோயில் வரை மலையேறும் பாதையில் நடந்து போங்கள், அங்குள்ள மான்களுக்குப் பையிலிருந்து எதையும் கொடுக்காதீர்கள். ஒரே ஓட்டோக்காரரை ஐந்து நாளும் வைத்துக்கொண்டால் அவருக்கு ஒரு கிழமை நிம்மதி.

கொட்டியாரக்கரை (டொரண்டோ)

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நான்கு குடும்பங்களும் நேற்று இரவு கூடி இந்த இழையை முழுவதும் வாசித்துப் பேசினோம். முகவர் திட்டத்தைக் கைவிடுகிறோம். கட்டண விபரத்தை எழுத்தில் கேட்டதற்கு அவர்கள் ஒரு விளம்பரப் பிரசுரத்தை மட்டும் மறுபடி அனுப்பினார்கள்.

இப்போதைய எண்ணம் இது. முதல் வாரம் முழுவதும் சொந்தங்களுடன் இருப்பது, ஊரைப் பார்ப்பது. இரண்டாம் வாரம் மூதூர்ப் பக்கம் தங்கி, எங்கள் குழுவில் உள்ள இரண்டு பொறியியலாளர்கள் ஆசிரியை சொன்னபடி உயர்தரக் கணிதப் பிள்ளைகளைச் சந்திப்பது, பிறகு ஓராண்டு இணையவழியில் தொடர்வது. முகவருக்குக் கொடுக்க இருந்த தொகையில் ஒரு பகுதியை, பேரப்பிள்ளைகளை வளர்க்கும் மூத்தவர்களுக்காக ஒதுக்க விரும்புகிறோம். எங்கள் பிள்ளைகள் அந்த வீடுகளுக்குப் போகமாட்டார்கள். அதை யாரூடாகச் செய்வது என்று வழி சொல்லுங்கள். பிள்ளைகளின் 40 மணி நேரத்தை இங்கே டொரண்டோவிலேயே, எங்கள் முதியோர் ஒன்றுகூடலில் செய்துகொள்ளட்டும் என்று முடிவாகிவிட்டது. என் மகளுக்கு இதில் சற்று ஏமாற்றம்தான். ஊரில் எதுவும் செய்ய விடமாட்டீர்களா என்று கேட்கிறாள்.

மூதூர் ஆசிரியை (ஓய்வு)

மகளை அழைத்து வாருங்கள் தம்பி. எங்கள் நூலகத்தில் பெட்டியுடன் கிடக்கும் ஆங்கில நூல்களைப் பிரித்துப் பட்டியலிட்டு அடுக்க ஆள் வேண்டும். அவள் வயதுப் பிள்ளைகள் நான்கைந்து பேர் கூட நிற்பார்கள். அவளுக்குத் தமிழும் அவர்களுக்கு ஆங்கிலமும் தானாகவே வரும். முதலில் அதிபரின் எழுத்து மூல அனுமதியைப் பெற்றுவிடுவோம், அது இல்லாமல் எவரையும் பாடசாலைக்குள் கூட்டிப் போகமாட்டேன்.

மூத்தவர்களுக்கான உதவியை நேரே எவர் கையிலும் கொடுக்க வேண்டாம். கிராம அலுவலரிடமும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திடமும் பேசி, அவர்கள் இருவரும் தனித்தனியே தரும் பெயர்ப் பட்டியலில் இரண்டிலும் உள்ளவர்களுக்கு முதலில் கொடுக்கலாம். கடந்த நவம்பர் வெள்ளத்தின் பின்னர் நிவாரணம் வந்தபோது, பாதையோர வீடுகளுக்கு மூன்று தடவையும் ஊரின் உட்பக்கத்து வீடுகளுக்கு ஒரு தடவைகூட இல்லாமலும் பொருள் போனதைப் பார்த்துவிட்டே இதைச் சொல்கிறேன். பிரதேச செயலகத்துக்கும் ஒரு கடிதத்தின் பிரதி போகட்டும்.

பாடசாலைத் தவணை நாட்கள் அண்மை ஆண்டுகளில் மாறி மாறி வருகின்றன. ஆகஸ்டின் எந்த வாரம் பிள்ளைகள் பாடசாலையில் இருப்பார்கள் என்பதை அதிபரிடம் கேட்டு எழுதுகிறேன், அதுவரை விமானச் சீட்டை எடுக்காதீர்கள்.